'ரோல்ஸ் ராய்ஸின் மகளை' ஓட்டிய பெண்: யார் இந்த ஃபியர்லெஸ் நாடியா?

ஒரு ஓட்டைக் கார். அதன் பெயர் 'ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி'. தமிழில் சொன்னால், ரோல்ஸ் ராய்ஸின் மகள். கூடவே ஒரு குதிரை, 'பஞ்சாப் கா பேட்டா'. பஞ்சாபின் மகன். அப்புறம் 'கன்போட்' என்று ஒரு நாய். இந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, வில்லன்களைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வீசியவர் ஒரு பெண். 1930-களின் பம்பாயில், எந்தக் கிராஃபிக்ஸும் இல்லாமல், டூப் போடாமல்.

அவரை ரசிகர்கள் 'ஃபியர்லெஸ் நாடியா' என்று அழைத்தார்கள். பயமே இல்லாத நாடியா.

பழைய கார்கள் பிடிக்குமா உங்களுக்கு? குறைந்த செலவில் எடுத்த, லாஜிக் பார்க்காத, ஆனால் கண்ணை எடுக்க விடாத படங்கள் பிடிக்குமா? இரண்டில் எது பிடித்தாலும் நாடியாவின் கதை உங்களுக்கானதுதான். அவர் பிறந்து 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2018-ல் அவரது 110-வது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டபோது, யார் இவர் என்று தேடியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். இந்தியாவின் முதல் பெண் ஆக்‌ஷன் நட்சத்திரத்தை நாம் ஏன் மறந்தோம்? அந்தக் கேள்விக்கும் கடைசியில் வருவோம்.

பெர்த்தில் பிறப்பு, பெஷாவரில் குதிரை

நாடியாவின் இயற்பெயர் மேரி ஆன் ஈவான்ஸ். 1908 ஜனவரி 8-ம் தேதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். அம்மா கிரேக்க வம்சாவளி. அப்பாவின் படைப்பிரிவு பம்பாய்க்கு மாற்றப்பட்டதால் சின்ன வயசிலேயே இந்தியா வந்துவிட்டார்.

1915-ல் முதல் உலகப் போரில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு மேரி வளர்ந்தது இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவரில். குதிரையேற்றம், வேட்டை, மீன்பிடிப்பு, துப்பாக்கி சுடுவது எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டார். பின்னாளில் திரையில் பார்த்து நாம் வாய் பிளக்கும் பல விஷயங்கள், அவருக்கு எல்லைப்புற மாகாணத்தில் பழகிய விளையாட்டுகள்.

1928-ல் அம்மாவோடும் தன் மகனோடும் பம்பாய்க்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 20. ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் படித்தார். ரஷ்ய நடன ஆசிரியை ஒருவரிடம் பாலே கற்று, அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆடினார். கொஞ்ச காலம் சர்க்கஸிலும் இருந்தார். பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று ஒரு ஜோசியக்காரர் சொல்ல, மேரி 'நாடியா' ஆனார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை.

அந்த 1928-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம்தான் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. அதே வருஷம்தான் பம்பாயையும் பெஷாவரையும் இணைக்கும் ஃபிரான்டியர் மெயில் ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவுக்கு வேகம் வந்து இறங்கிய வருஷம் என்றே சொல்லலாம். காரும் ரயிலும் இல்லாமல் நாடியா படங்களே இல்லை.

கப்பல் கட்டிய குடும்பம் படம் எடுக்க வந்தது

இந்த இடத்தில் இன்னொரு குடும்பத்தை அறிமுகப்படுத்த வேண்டும். வாடியாக்கள். பம்பாயின் புகழ்பெற்ற பார்சி குடும்பம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் கடற்படைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிக் கொடுத்தவர்கள்.

அந்தக் குடும்பத்தில் 1901-ல் பிறந்தவர் ஜாம்ஷெட் வாடியா. ஜே.பி.ஹெச். என்றால்தான் சினிமாக்காரர்களுக்குத் தெரியும். எம்.ஏ., சட்டப் படிப்பு, வங்கி வேலை என்று போய்க்கொண்டிருந்தவரை சினிமா ஆசை இழுத்தது. பத்து வயது இளைய தம்பி ஹோமியும் சேர்ந்துகொண்டார். மௌனப்பட காலத்திலேயே சண்டையும் துரத்தலுமாகப் படம் எடுத்துப் பழகிய அண்ணன் தம்பி, 1933-ல் 'வாடியா மூவிடோன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்டூடியோ எங்கே? பரேலில் இருந்த குடும்பத்தின் பழைய மாளிகையிலேயே.

ஹாலிவுட்டின் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் ஜே.பி.ஹெச்-சின் ஆதர்ச நாயகன். ஃபேர்பேங்ஸின் 'மார்க் ஆஃப் ஸோரோ' போல முகமூடி போட்டு ஏழைகளுக்காகச் சண்டை போடும் ஒரு வீரனை இந்தியத் திரையில் காட்ட வேண்டும் என்பது ஆசை. வாய்ப்பு கேட்டு வந்த நாடியாவுக்கு முதலில் சின்னச் சின்ன வேஷங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். திரையில் வந்த சில நிமிஷங்களிலேயே கூட்டம் கவனித்தது. அப்போதுதான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. அந்த முகமூடி வீரன் ஏன் ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது?

ஒரு சிக்கல் இருந்தது. பொன்னிறக் கூந்தல், நீலக் கண்கள், தடுமாறும் இந்தி. 'நந்தா தேவி' என்று பெயர் வைத்து, கறுப்பு சவுரி முடி பின்னிவிட்டால் சரியாகிவிடும் என்று ஜே.பி.ஹெச். நினைத்தார். நாடியா ஒத்துக்கொள்ளவில்லை. பெயரும் மாறாது, முடியும் மாறாது என்று நின்றார். கடைசியில் அவர் இஷ்டப்படியே விட்டார்கள்.

'ஹன்டர்வாலி': வாங்க ஆளில்லாத படம்

1935-ல் ஹோமி வாடியா இயக்கத்தில் 'ஹன்டர்வாலி' தயாரானது. சவுக்குக்காரி என்று பொருள். கொடுமைக்கார அமைச்சரிடமிருந்து மக்களைக் காப்பாற்ற ஒரு இளவரசி முகமூடி அணிந்து, சவுக்கோடு கிளம்புகிறாள். கதை அவ்வளவுதான்.

விநியோகஸ்தர்கள் பயந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், அரைக்கால் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஆண்களை அடிப்பதை யார் பார்ப்பார்கள்? வாங்க ஆளில்லாமல், வாடியாக்களே பம்பாயில் ரிலீஸ் செய்தார்கள். படம் 25 வாரங்கள் ஓடியது. கடைத்தெருவில் ஹன்டர்வாலி பெயரில் சவுக்கு, பெல்ட் எல்லாம் விற்க ஆரம்பித்தன. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்றைக்கு நாம் மெர்ச்சண்டைஸ் என்று சொல்கிறோமே, அதே சமாச்சாரம்தான்.

27 வயதில் நாடியா நட்சத்திரமானார்.

கார், குதிரை, ரயில்

அடுத்த வருஷம் 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்'. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மீது கொலைப் பழி விழுகிறது. அதைத் துடைக்கக் கிளம்பும் மகள் சவிதாதான் நாடியா. ரயில்களைக் கவிழ்த்து, பாலங்களை வெடிவைத்துத் தகர்த்து, விமானக் கம்பெனிக்கு லாபம் தேடும் வில்லனின் பெயர் சிக்னல் எக்ஸ். ஓடும் ரயிலின் கூரை மேல் நின்று நாடியா ஆட்களை அடித்துக் கீழே தள்ளும் காட்சி, இந்திய சினிமாவின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. அந்த ரயில் நிஜம். கூரை நிஜம். மேலே நின்றவரும் அவரேதான்.

அப்புறம் 'ஹரிக்கேன் ஹன்சா' (1937), 'பஞ்சாப் மெயில்' (1939), 'டைமண்ட் குவீன்' (1940) என வரிசையாக வந்தன. பெரும்பாலும் ஹோமி இயக்கம். பெரும்பாலும் ஜோடி, உடற்பயிற்சி வீரரான ஜான் காவஸ். சிங்கங்களுக்கு நடுவிலும் நடித்தார் நாடியா.

இந்தப் படங்களில்தான் 'ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி' வருகிறது. பெயரிலேயே நக்கல் இருக்கிறது, பார்த்தீர்களா? அன்றைக்கு ரோல்ஸ் ராய்ஸ் என்றால் மகாராஜாக்களின் வண்டி. சமஸ்தானங்கள் போட்டி போட்டுக்கொண்டு இறக்குமதி செய்த வண்டி. சாதாரண ஆளுக்கு அதன் பின்சீட்டில் உட்காரும் கனவுகூட வராது. அந்தப் பெயரை ஒரு டப்பா காருக்கு வைத்து, அதை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, பணக்கார வில்லன்களைத் துரத்த விட்டார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளிக்கு அந்த ஜோக்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய கார் ரசிகர்களுக்கு இன்னொரு விஷயம். 1930-களின் இந்தியச் சாலையில் பெரும்பாலானோருக்கு கார் என்பது ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய பொருள். அதை உள்ளேயிருந்து, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து, அதுவும் ஒரு பெண் ஓட்டி அவர்கள் பார்த்தது இந்த மாதிரி மலிவுப் படங்களில்தான்.

மட்டமான படங்களா?

அன்றைய பத்திரிகைகளும் பெரிய ஸ்டூடியோக்களும் இவற்றை 'ஸ்டண்ட் படம்' என்று ஒதுக்கின. சமூகப் படங்கள் ஒசத்தி, ஸ்டண்ட் படங்கள் மட்டம். அவற்றின் ரசிகர்கள் கடைத்தெரு தியேட்டர்களிலும் டூரிங் டாக்கீஸ்களிலும் உட்கார்ந்த கூலித் தொழிலாளிகளும் சிறுவர்களும்.

அப்படிப்பட்ட சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய நாடகாசிரியர் ஆனார். கிரீஷ் கர்னாட். தன் பால்யத்தில் நாடியா என்றால் என்ன அர்த்தம் என்பதை 1980-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். அதற்கு முன்பு நாடியாவைப் பற்றி சீரியஸாக எழுதிய பேர் குறைவு.

உண்மையில் அந்த 'மட்டமான' படங்களுக்குள் என்ன இருந்தது? 'டைமண்ட் குவீன்' படத்தில் பம்பாயில் படித்துவிட்டு ஊர் திரும்பும் பெண், படிப்பைப் பற்றியும் பெண் விடுதலை பற்றியும் ஊராரிடம் நேராகப் பேசுகிறாள். ஜே.பி.ஹெச். அரசியல் ஈடுபாடு உள்ளவர். பின்னாளில் எம்.என்.ராய் பக்கம் போனவர். வெள்ளையர் தணிக்கை இருந்த காலத்தில், மக்களைச் சுரண்டும் கொடுங்கோலன் ஒருவன் கடைசி ரீலில் உதை வாங்குகிறான் என்றால், தியேட்டரில் இருந்தவர்களுக்கு அந்தக் கொடுங்கோலன் யார் என்று தெரியும். தணிக்கை அதிகாரி குதிரையையும் காரையும் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். மலிவுப் படம் என்ற பெயரே ஒரு கவசமாக இருந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிக்கிற பெண் வெள்ளைக்காரியாக இருந்ததும் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு காரணம். அதே அரைக்கால் சட்டையில், அதே சவுக்கோடு ஒரு இந்தியப் பெண் அன்றைக்கு வந்திருந்தால் இதே கைதட்டல் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அவரது காட்டுப் படங்களில் பழங்குடிகளைக் காட்டிய விதம் இன்று பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும். ரசிக்கும்போதே இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரையில் வேகம், வீட்டில் காத்திருப்பு

1940-களின் தொடக்கத்தில் அண்ணன் தம்பிக்குள் பாதை பிரிந்தது. அண்ணனுக்குப் பெரிய, கௌரவமான படங்கள் எடுக்க ஆசை. தம்பிக்கு ஸ்டண்ட் மேல்தான் நம்பிக்கை. ஹோமி வெளியே வந்து 'பசந்த் பிக்சர்ஸ்' தொடங்கினார். 1943-ல் 'ஹன்டர்வாலி கி பேட்டி', சவுக்குக்காரியின் மகள் என்று ஒரு படம் எடுத்தார். நாடியாதான் நாயகி. படம் வெற்றி. வாடியா மூவிடோனின் ஸ்டூடியோ வி.சாந்தாராம் கைக்குப் போய், ராஜ்கமல் கலாமந்திர் ஆனது.

ஹோமிக்கும் நாடியாவுக்கும் இடையே காதல் இருந்தது. 1930-களிலேயே தொடங்கியது. ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. காரணம், ஹோமியின் அம்மா. ஒரு பார்சி குடும்பத்துக்குள் நடிகை, வெளிநாட்டுக்காரி, ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தாய். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனைக்கும் அண்ணன் ஜே.பி.ஹெச். இவர்கள் பக்கம்தான் நின்றார். அம்மாவை மீற ஹோமியால் முடியவில்லை.

திரையில் ரயில் கூரையில் ஓடியவர், நிஜத்தில் 20 வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். 1961-ல்தான் கல்யாணம். நாடியாவுக்கு வயது 53, ஹோமிக்கு 50. நாடியாவின் மகனை ஹோமி தத்தெடுத்துக்கொண்டார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு அந்தப் படங்களை மறுபடி பார்க்கத் தோன்றியது. ஒரு பெண் கதவை உதைத்துத் திறக்கும் காட்சியை எடுத்த அதே கூட்டத்தில், அவருக்குத் திறக்காத ஒரு வீட்டுக் கதவு இருந்திருக்கிறது. அந்த வருஷங்களிலும் அவர் தினமும் ஷூட்டிங் வந்தார், குதிரை ஏறினார், அடித்தார், விழுந்தார், எழுந்தார். பயமில்லாதவர் என்ற பட்டத்துக்கு ரயில் கூரையைவிட இதுதான் பெரிய ஆதாரம் என்று நினைக்கிறேன்.

கடைசிப் படம் 'கிலாடி', 1968-ல். ஜேம்ஸ் பாண்ட் பாணியைக் கிண்டலடிக்கும் உளவுப் படம். அப்போது அவருக்கு வயது 60.

காருக்கு நம்பர் பிளேட், படத்துக்கு?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நாம் ஏன் மறந்தோம்?

1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழைய கார் பேரணி தொடங்கியது அந்த வருஷம்தான். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதும் அதே வருஷம்தான். பழைய காரையும் பழைய படத்தையும் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அமைப்பாக மாறியது.

ஆனால் இரண்டின் நிலைமை வேறு. காருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். ஷெட்டில் பூட்டி வைப்பார், உதிரி பாகம் தேடி அலைவார். 2021-ல் மத்திய அரசு விதியையே திருத்தியது. 50 வருஷத்துக்கு மேல் பழசான, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். புதிதாகப் பதிய 20,000 ரூபாய்.

படச்சுருள் அப்படியில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், பராமரிக்காவிட்டால் பொடியாகும். அதில் இருக்கும் வெள்ளிக்காகவே பல படங்களின் சுருள்கள் விற்கப்பட்டன. இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300-க்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் இன்று முழுசாகவோ துண்டாகவோ மிஞ்சியிருப்பவை சுமார் 30 மட்டுமே. முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா' கூட நம்மிடம் இல்லை. கௌரவமான படங்களுக்கே இந்தக் கதி என்றால், மட்டம் என்று ஒதுக்கிய ஸ்டண்ட் படங்களை யார் பாதுகாப்பார்கள்? டூரிங் டாக்கீஸில் தேயும் வரை ஓட்டிவிட்டு விட்டுவிட்டார்கள்.

நாடியா படங்களில் சில தப்பியதற்கு முக்கியக் காரணம் குடும்பம். ஜே.பி.ஹெச்-சின் பேரன் ரியாத் வாடியா, 1993-ல் 'ஃபியர்லெஸ்: தி ஹன்டர்வாலி ஸ்டோரி' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அது வெளிநாட்டுத் திரைவிழாக்களுக்குப் போனது. 85 வயதில் நாடியாவை உலகம் இரண்டாவது முறை கண்டுபிடித்தது. அவர் உயிரோடு இருந்தபோதே அது நடந்தது என்பதில் ஒரு நிம்மதி.

1996 ஜனவரி 9. தனது 88-வது பிறந்தநாளுக்கு அடுத்த நாள், மும்பையில் நாடியா காலமானார். அதே வருஷம் ஃபிரான்டியர் மெயில் ரயிலின் பெயரும் மாறியது. இன்று அது கோல்டன் டெம்பிள் மெயில். ஹோமி 2004 வரை வாழ்ந்தார்.

2017-ல் வந்த 'ரங்கூன்' படத்தில் கங்கனா ரணாவத் ஏற்ற பாத்திரம் நாடியாவை ஞாபகப்படுத்தியது. வாடியா மூவிடோன் அதற்காக மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு காலத்தில் வாங்க ஆளில்லாத சவுக்குக்காரிக்குப் பின்னாளில் உரிமை கோரி வழக்கு நடந்தது என்றால், அவர் ஜெயித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை 60 வருஷம். 1940-ல் வந்த 'டைமண்ட் குவீன்' 2000-ம் ஆண்டு முடிவோடு அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அதையும் 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்' படத்தையும் இணையத்தில் பார்க்கலாம்.

பிரிண்ட் கோடு கோடாக இருக்கும். ஒலி கரகரக்கும். கதை அங்கங்கே தாவும். நாடியாவின் இந்தியைக் கேட்டுச் சிரிப்பு வரும். சிரியுங்கள், தப்பில்லை. சிரிக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் சண்டைக் காட்சி வரும்போது வேகத்தைக் குறைத்து, அந்த முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். டூப் இல்லை, கம்பி இல்லை, கீழே வலை இல்லை.

பழைய கார் வைத்திருக்கும் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். சண்டைக்கு நடுவில் வரும் வண்டிகள் என்ன மாடல் என்று அவர் சொல்வார். எந்தக் காருக்கும் அவர் சொல்லும் மதிப்பில் பாதியையாவது அந்தப் படச்சுருளுக்கும் நாம் கொடுத்திருந்தால், இன்று பார்க்க இன்னும் எத்தனையோ நாடியா படங்கள் இருந்திருக்கும்.